நின்றால் கவிழும் படகு

அன்னப் படகை மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் இன்ஸ்பெக்டர் புவான், எவ்வளவு மூச்சு வாங்க மிதித்தாலும் அது தன் போக்கில்தான் போகும். நீங்களும் பிள்ளைகளோடு ஏரிப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். தொடை கடுக்க மிதித்தால் பின்னால் நுரை கூடும், சங்கிலிச் சத்தம் கூடும், பிள்ளைகள் கத்துவது கூடும். வேகம் மட்டும் கூடாது. மிதிக்கிறவரின் சோம்பேறித்தனம் அதற்குக் காரணம் இல்லை. படகு போகும்போதே தனக்கு முன்னால் ஓர் அலையை எழுப்பிக்கொள்ளும். பிறகு அந்த அலைமேலேயே ஏறப் பார்க்கும். ஏற முடியாது. நம் பலமெல்லாம் தண்ணீரைத் தள்ளுவதற்கே செலவாகிவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காலையில் வந்த உங்கள் ஆள் நேரே உயிர்காப்பு ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தோடு செய்தவன் மாதிரி ஆகிவிடும். ஜாக்கெட்டுக்கு நானே வருகிறேன். எதையும் மறைக்கப்போவதில்லை. குடிக்கத் தே ஓ வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி.

என் பெயர் சவரிநாதன். ஈப்போவில் லஹாட் ரோட்டுப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை. தண்ணீர்த் தொட்டி, சறுக்குமரம், மீன்பிடிப் படகு, எது உடைந்து வந்தாலும் ஒட்டிப் பூசிக் கொடுப்போம். பூங்காக்களின் அன்னப் படகுகளும் எங்களிடம்தான் வரும். பெரும்பாலும் கழுத்து உடைந்துதான் வரும். கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாடோ தெரியாது. ஓர் ஆள் சைக்கிள் மாதிரி ஒன்றை ஏரியில் மிதித்துக்கொண்டு போகிறான். படகு தண்ணீரில் இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போகிறது. கீழே மெல்லிய கம்பம் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அந்தக் கம்பத்தின் அடியில், தண்ணீருக்குள்ளே, ஓர் இறக்கை. விமானத்துக்கு இறக்கை என்ன செய்கிறதோ அதையே இது தண்ணீருக்குள் செய்கிறது. ஹைட்ரோஃபாயில் என்று பெயர். நாங்கள் இறக்கை என்றே சொன்னோம். போதிய வேகம் வந்ததும் அது படகைத் தூக்கிவிடும். தூக்கிவிட்டால் அலை இல்லை, உரசல் இல்லை. அதே கால், அதே மூச்சு, வேகம் மட்டும் இரண்டு மடங்கு.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு வேறு பழக்கம் எதுவும் கிடையாது. குடிப்பதில்லை. கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போவேன். உங்கள் விசாரணையில் என்னைப் பற்றிக் கெட்டதாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பு முன்பு ரப்பர் தோட்டம், பிறகு செம்பனை, இப்போது வரிசை வீடு. பின்னால் கொஞ்ச தூரத்தில் பழைய ஈயக்குட்டை. பத்து காஜா போலீஸ் நிலையத்தில் வேலை பார்க்கிற உங்களுக்கு நான் குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி மாதிரி மெல்ல மெல்ல ஆழமாகாது. ஈயம் எடுக்க நேராகத் தோண்டிய குழி. கரையை விட்டுக் கால் எடுத்தால் தரை இருக்காது. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் குட்டைக்கு ஒரு பிள்ளையையாவது கொடுக்காத குடும்பம் குறைவு. ஆனால் இறக்கைக்கு ஆழம் வேண்டும், அலையில்லாத தண்ணீர் வேண்டும். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

முதல் படகை ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மிதவை, நடுவில் பழைய பந்தயச் சைக்கிளின் சட்டம். அன்னப் படகின் சக்கரம் இதற்கு உதவாது. படகு எழும்பிவிட்டால் சக்கரம் காற்றைத்தான் அடிக்கும். அதனால் சங்கிலியிலிருந்து கீழே ஒரு தண்டு இறக்கி, அதன் முனையில் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி. பின்னால் பெரிய இறக்கை, முன்னால் சின்னது. நல்ல மரத்தைச் சீவி, கார்பன் துணி சுற்றி, நீரில் நனைத்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரலை வைத்தால் வழுக்கும்படி செய்திருந்தேன்.

முதலில் ஓட்டியது என் மச்சான் கோலின். என் மனைவி பமேலாவின் தம்பி. லோரி ஓட்டுகிறான், நல்ல பலசாலி. அவன் மிதித்த மிதியில் படகின் மூக்கு தண்ணீரைவிட்டுக் கிளம்பியது உண்மை. ஆனால் ஆள் கனம். இறக்கை ஒருபக்கம் விரிசல் விட்டு, அவன் தலைகீழாகப் போய் விழுந்தான். சிரித்துக்கொண்டே நீந்தி வந்தான்.

“மச்சான், இது எனக்கு ஆகாதுலா. மோட்டார் வெச்சிட்டுப் போங்க. எதுக்கு இவ்ளோ கஷ்டம்?”

மோட்டார் வைத்தால் அது வெறும் படகுதான். அதை அவனுக்கு விளக்கிப் பயனில்லை. எனக்கோ இடது முட்டி பைக் விபத்தில் போய்விட்டது, நீந்தலாம், மிதிக்க முடியாது. அப்படித்தான் பமேலா வந்தாள். நான் கட்டாயப்படுத்தினேன் என்று கோலின் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். கட்டாயம் எதுவும் இல்லை. அவளே கேட்டாள்.

“நான் மிதிக்கட்டா? ஸ்கூல்ல படிக்கறப்ப மாவட்டத்துக்கு சைக்கிள் ஓட்டுனவதானே.”

“உனக்கு நீச்சல் தெரியாதே.”

“விழுந்தா நீங்க தூக்க மாட்டீங்களா?”

கோலின் போய் அவளுக்கு ஓர் உயிர்காப்பு ஜாக்கெட் வாங்கி வந்தான். ஆரஞ்சு நிறம், நல்ல சாமான். அதைப் போட்டுவிட்டு அவள் தோளைத் தட்டி, “இது இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுக்கா” என்றான். அதுவும் உண்மைதான். பல தடவை விழுந்தாள், ஒன்றும் ஆகவில்லை. பாட்டில் தக்கைபோல மேலே வந்து நிற்பாள். நான் கரையிலிருந்து கயிறு கட்டிய டயர் டியூபை வீசி இழுத்துக்கொள்வேன்.

அவள் கையுறை செய்யும் கிலாங்கில் ஷிப்ட் வேலை பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. சனிக்கிழமை காலைகளில் குட்டைக்குப் போகும்போது மட்டும் வேனில் பேசிக்கொண்டே போவேன். இறக்கையின் கோணம், காற்றாடியின் முறுக்கு, அந்த மாதிரி விஷயங்கள். ஒருநாள் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“வீட்டுல ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. இதுக்காச்சும் என் மொகத்தைப் பார்த்துப் பேசுறீங்க.”

அவளுக்கு இந்த வேலையில் எவ்வளவு ஆர்வம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது எடை. தண்ணீரை விட்டு எழும்பும் அந்தத் தறுவாயில்தான் மிக அதிகப் பலம் தேவைப்படும். எழும்பிய பிறகு பாதி போதும். ஆகவே அந்த ஒரு தறுவாயைத் தாண்டும் அளவுக்கு எல்லாவற்றையும் இலகுவாக்க வேண்டும். முதலில் படகைக் குறைத்தேன். சட்டத்தில் துளை போட்டேன். மிதவைக்குள் இருந்த நுரைக்கட்டிகளை எடுத்தேன். பிறகு மிதவைகளையே சிறியதாக்கினேன். அதன் பிறகு படகு நின்ற இடத்தில் அவளைத் தாங்காது. நான் கரையில் பிடித்துக்கொண்டு, தள்ளிவிட வேண்டும். போய்க்கொண்டிருக்கும்வரை நிற்கும், நின்றால் கவிழும். சைக்கிளும் அப்படித்தானே. அவளுக்கு அதை அப்படித்தான் விளக்கினேன்.

“சைக்கிள்ல நின்னா கால் ஊணிக்கலாம்லா,” என்றாள்.

சரியான பேச்சுதான். இருந்தாலும் ஏறினாள்.

படகில் குறைக்க இனி ஒன்றும் இல்லை என்றான பிறகு மிச்சம் இருந்தது அவள்தான். இதைக் கொடுமை மாதிரிச் சொல்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்களை எடை போட்டுப் பார்ப்பதில்லையா? ஈப்போ டர்ஃப் பக்கம் போனால் தெரியும். இரவுச் சோற்றை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினாள். காலையில் பால் இல்லாத கோப்பி ஓ மட்டும். பிறகு மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போவதையும் பாதியாக்கச் சொன்னேன். கட்டுவதை நானாகவே செய்ய ஆரம்பித்தேன், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று. ஒருநாள் கிலாங்கில் மயங்கி விழுந்துவிட்டாள். சூப்பர்வைசர் போன் செய்தார். போய் அழைத்துக்கொண்டு வந்தேன். அவளைத் தூக்கி வேனில் உட்கார வைக்கும்போதே கைக்குத் தெரிந்தது, நன்றாக இளைத்திருக்கிறாள். அந்த வாரம் எழும்பிவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி குடித்துவிட்டு, “போதும், கனம் கூடிடும்” என்று திருப்பிக் கொடுத்தாள். நான் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை உண்மையிலேயே எழும்பியது.

எழும்பியதும் அவள் விழுந்துவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். கருவியில் குறையே இல்லை. மிதவை தண்ணீரை விட்டுக் கிளம்பும் நொடியில் சலசலப்பெல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தம்தான் நான் வருடக்கணக்காகக் காத்திருந்தது. அவளுக்கோ அதுதான் பயம். சத்தம் நின்றதும் காலை நிறுத்திவிடுவாள், ஒருபக்கம் சாய்வாள், குட்டையில் கிடப்பாள்.

“காலுக்குக் கீழ இருந்து யாரோ தரையை உருவுன மாதிரி இருக்குங்க. வேணும்னு நிறுத்தலை. அதுவா நின்னுடுது.”

“ரெண்டு மிதி கூட மிதிச்சா போதும். அப்புறம் சுலபம்.”

“தெரியுது. ஆனா முடியலை.”

இந்த நேரத்தில்தான் கல்லூரியில் இயந்திரப் பாடம் நடத்தும் விக்னேஸ்வரன் என்பவர் வந்தார். பட்டறையில் படகு கொடுத்த ஒருவர் மூலம் தெரிந்தவர். தன்னுடன் இரண்டு பேரையும் கூட்டி வந்தார். கேமரா எல்லாம் இருந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். பமேலா எல்லோருக்கும் நாசி லெமாக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், தனக்கு மட்டும் இல்லை. மிதித்தாள். எழும்பியது. விழுந்தாள். மறுபடி ஏற்றிவிட்டேன். மறுபடி விழுந்தாள். மூன்றாவது தடவை அவர்கள் கேமராவை மூடிவிட்டார்கள்.

விக்னேஸ்வரன் நல்ல மனிதர். இறக்கையைத் தடவிப் பார்த்து உண்மையாகவே பாராட்டினார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

“படகுல ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணே. அக்காதான் பயப்படுறாங்க. விழுந்துடலாம்னு ஒரு வழி இருக்கறப்ப மனுஷன் அந்த வழியைத்தான் எடுப்பான். பாவம், விடுங்க. நல்ல முயற்சி.”

அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் ஆறுதலுக்குச் சொன்னார். நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

விழுந்துவிடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழி ஆரஞ்சு நிறத்தில் அவள் மார்பில் கட்டியிருக்கிறது. இவ்வளவுதான் புவான் நான் யோசித்தது.

ஜாக்கெட்டை ஏன் பிரித்தாய் என்று உங்கள் ஆள் கேட்டதற்கு, எடையைக் குறைக்க என்றேன். நீங்கள் சாயங்காலம் வந்து, அப்படியானால் உள்ளே வைத்த துணி, மிதப்பதற்கு இருந்த பஞ்சைவிடக் கனமாயிற்றே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். எடைக்காக இல்லை. அந்த வெள்ளைப் பஞ்சுத் தகட்டுக்கு எடையே கிடையாது. காலையில் நான் சொன்னது பொய். இனி பொய் சொல்லவில்லை.

பட்டறையில் மத்தியான இடைவேளையில் தையலைப் பிரித்தேன். பஞ்சுத் தகடுகளை எடுத்துவிட்டு, அதே தடிமனுக்குப் பழைய கைலித் துணியை மடித்து வைத்தேன். ஈப்போ லிட்டில் இந்தியாவில் அதே ஆரஞ்சில் நூல் கிடைத்தது. எனக்குக் கை நன்றாக ஓடும், தைத்த இடம் தெரியவில்லை. எடுத்த பஞ்சை ஒரு மீனவரின் படகில் இருக்கைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். வீணாக்கவில்லை. பிறகு ஜாக்கெட்டைத் தொட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் மிதந்தது, காற்று இருந்த வரைக்கும். பிறகு மெதுவாகத் தொட்டியின் அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆக, அது மூழ்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் காயப்போட்டேன். பமேலா வேலை முடிந்து வந்தவள் கொடியில் அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“என் ஜாக்கெட்டைத் துவைச்சீங்களா?”

“ம்.”

கிட்டே போனாள். தொட்டுப் பார்த்தாள். காய்ந்த பிறகு எடுத்து, நல்ல துணியை மடிப்பதுபோல மடித்து வைத்தாள். அன்று இரவு எனக்கு மீன் பொரித்தாள். பொரித்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஜாக்கெட்டில் பஞ்சு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தால்தான் பலன். கரையிலேயே சொன்னால் ஏற மாட்டாள். அதனால் எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. சத்தம் நிற்கும் அந்த நொடி. அவள் காலை நிறுத்தப் போகிற நொடி. அப்போது சொன்னால், காலை நிறுத்துவதைவிட மிதிப்பது அவளுக்குச் சுலபமாகிவிடும். ஒரு பயத்துக்கு எதிரே அதைவிடப் பெரிய பயத்தை வைப்பது. ஊசிக்கு அழுகிற பிள்ளையின் தொடையை நர்ஸ் கிள்ளுவதில்லையா, அது மாதிரிதான்.

அந்தக் காலையில் மழை இல்லை, காற்றும் இல்லை. சுண்ணாம்பு மலை தலைகீழாகக் குட்டையில் அப்படியே நின்றது. வேனிலிருந்து படகை இருவருமாக இறக்கினோம். டியூபும் கயிறும் வேனிலேயே இருந்தன. நான் எடுக்கவில்லை. மறந்ததில்லை. கையில் கயிறு இருந்தால் என் கவனம் அவள் மேல் இருக்கும், இறக்கை மேல் இருக்காது. போனைக் கரையில் ஒரு கம்பில் கட்டிப் பதிவு ஓடவிட்டேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

பமேலா ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

“இன்னைக்கு விழ மாட்டேன் பாருங்க,” என்றாள். “சாமிகிட்ட வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்.”

தள்ளிவிட்டேன். மிதித்தாள். நன்றாகத்தான் மிதித்தாள். மூக்கு எழும்பியது, மிதவையின் அடி தெரிந்தது, சலசலப்பு குறைந்தது. அவள் தோள் இறுகுவது கரையிலிருந்தே தெரிந்தது. அப்போது சொன்னேன். கோபமாக இல்லை, கேட்க வேண்டும் என்பதற்காகச் சற்று உரக்க.

“பமேலா, ஜாக்கெட்டுல பஞ்சு இல்ல. நான் எடுத்துட்டேன். உள்ள துணிதான். விழுந்தா முழுகிடுவே. மிதி.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து மார்பில் வைத்து அமுக்கினாள். அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று விரல் சொல்லியிருக்க வேண்டும். கையை மறுபடி கைப்பிடியில் வைத்தாள். மிதித்தாள்.

படகு எழும்பியது.

நான் நாற்பத்தேழு வயதில் அதைப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. சங்கிலி மட்டும் மெல்லிய சீழ்க்கை மாதிரி. கம்பத்தின் பின்னால் கத்தி கீறியதுபோல ஒரு கோடு. அவள் தண்ணீருக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல், மலையின் நிழலைத் தாண்டிப் போனாள். எந்த அன்னப் படகும், கோலின் சொன்ன எந்த மோட்டாரும் அப்படிப் போகாது. குட்டையின் அந்தக் கரைவரை போய், அகலமாக வளைந்து, இந்தப் பக்கம் வந்தாள். வளைவில் இறக்கை ஒரு துளிகூட நழுவவில்லை.

என்னை நெருங்கும்போது கத்தினாள். “என்னங்க, பிடிங்க. பிடிங்க என்னை.”

பிடித்திருக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். கரை ஓரமாகத்தான் வந்தாள். இடுப்பளவு இறங்கிக் கையை நீட்டினால் மிதவையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அந்த வேகத்தில் வந்து நின்றால் இறக்கை கரை மண்ணில் இடிக்கும். நான் ஓர் அடி பின்னால் போய்க் கையைக் காட்டினேன்.

“இறக்கை ஒடைஞ்சிடும். இன்னொரு சுத்து போ.”

திருப்பினாள் புவான். இதை நீங்கள் பதிவிலேயே பார்க்கலாம். நேராக வந்திருந்தால் கரையில் மோதி, கையோ காலோ முறிந்து, உயிரோடு கிடந்திருப்பாள். இறக்கை போயிருக்கும். அவள் அதை இடிக்கவில்லை. நான் சொன்னதும் திருப்பிக்கொண்டு மறுபடி நடுக்குட்டைக்குப் போனாள். விருப்பமில்லாத ஒருத்தி ஏன் திருப்ப வேண்டும் என்று கோலினிடம் கேட்டேன். அவன் என் முகத்தில் அடித்தான்.

அந்தச் சுற்றில் அவள் கால் தளர்ந்தது. ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை அல்லவா. தூரக் கரைப் பக்கம் படகு மெல்லத் தாழ்ந்து தண்ணீரில் அமர்ந்தது. அழகாகத்தான் அமர்ந்தது. பிறகு சாய்ந்தது. ஒரு கை மட்டும் சட்டத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு படகு மட்டும் மிதந்தது.

நான் நீந்திப் போனேன். எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். படகு மிதந்து இந்தப் பக்கம் வந்திருந்தது, அவள் விழுந்த இடம் இன்னும் தள்ளி. வழியில் இருந்ததை முதலில் பிடித்தேன். மிதவைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, விட்டால் இறக்கையோடு அடிக்குப் போய்விடும். அதைக் கரைக்கு இழுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனேன். அதற்குள் தண்ணீர் அமைதியாகிவிட்டது, எந்த இடம் என்று தெரியவில்லை. பிறகு பொம்பா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். அவர்களுடைய ஆள்தான் முக்குளித்து எடுத்தார்.

மருத்துவமனையில் அவள் சாமான்களைக் கொடுத்தபோது கோலின் ஜாக்கெட்டைத் தூக்கினான். அவன் வாங்கியது, அதன் கனம் அவனுக்குத் தெரியும். ஈரத்தில் அது சிமெண்டுப் பை மாதிரி இருந்திருக்கும். அங்கேயே உட்கார்ந்து பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தான். உள்ளேயிருந்து என் பழைய கைலி வந்தது. நான் எதிர் பெஞ்சில்தான் இருந்தேன், எழுந்து போகவில்லை.

ஆக, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பஞ்சை எடுத்தது நான். மூழ்கும் என்று சோதித்தது நான். பிடிக்க முடிந்தும் பிடிக்காதது நான். நீங்கள் இதற்கு எந்தப் பெயர் எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். தப்பிக்க எனக்கு வழியும் இல்லை, ஆசையும் இல்லை. வெளியே போய்ச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளச் சொல்கிறேன். பதிவின் கடைசிப் பகுதியில், நடுக்குட்டையில், அவள் குரல் கேட்கிறது. வார்த்தை தெளிவாக இல்லை. கோலின் அதைக் கதறல் என்கிறான். நீங்களும் அதைக் கேட்டதும் போனை நிறுத்திவிட்டு வெளியே போனீர்கள். கூடப்பிறந்தவனுக்கு அப்படிக் கேட்கலாம். அவளைத் தெரியாத உங்களுக்கும் அப்படிக் கேட்கலாம். நான் அவளோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவன். அது சந்தோஷத்தில் எழுந்த குரல். பமேலா சந்தோஷப்பட்டால் அப்படித்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.